செட்டிநாட்டுக் கோட்டையும் பெரிய வீடுகளும்: பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினாலே காரைக்குடியில் இருக்கும் எங்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ரெண்டு நாள் வர்றோம், எதையெல்லாம் பார்க்கலாம், உள்ளே விடுவாங்களா?" சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாடு என்பது எந்த ஊர்? எங்கே இறங்க வேண்டும்?

அது ஒரே ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அங்கங்கே இருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களைச் சேர்த்துத்தான் செட்டிநாடு என்கிறோம். காரைக்குடியும் தேவகோட்டையும் பெரிய ஊர்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கொத்தமங்கலம், கடியாபட்டி, ராயவரம், அரிமளம் எல்லாம் சிறிய ஊர்கள். ஆனால் பார்க்க வேண்டிய வீடுகள் அங்கேதான் அதிகம்.

'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. இறங்கினாலும் வண்டி கிடைப்பது சிரமம். காரைக்குடி சந்திப்பில் இறங்குவதே வசதி. சென்னையிலிருந்து பகலில் பல்லவன், இரவில் ராமேசுவரம் ரயில்கள் இருக்கின்றன. விமானத்தில் வருபவர்களுக்குத் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டு மணி நேரப் பயணம்.

இங்கே ராஜாக்கள் ஆண்டார்களா? 'அரண்மனை' என்கிறார்களே?

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் வணிகர்கள். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து போய் லேவாதேவி நடத்திய நகரத்தார், சம்பாதித்ததைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து வீடாகவும் கோயிலாகவும் ஊரணியாகவும் கட்டினார்கள். பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை.

கானாடுகாத்தானில் இருக்கும் செட்டிநாடு அரண்மனை 1912-ல் அண்ணாமலைச் செட்டியார் கட்டியது. அவருக்கு 1929-ல் ஆங்கில அரசு 'செட்டிநாட்டு ராஜா' என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டில்தான் சிதம்பரத்தில் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் வந்தது. நிலத்தை ஆண்டது யார் என்று கேட்டால், ராமநாதபுரம் சேதுபதிகள், சிவகங்கைச் சீமைக்காரர்கள், புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் என்று பகுதிக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும்.

அதனால் ராஜஸ்தான் கோட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். தர்பார் மண்டபம், ஆயுதசாலை எதுவும் இங்கே கிடையாது. ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் எப்படி வாழ்ந்தது, கல்யாணத்தை எப்படி நடத்தியது, கணக்கை எங்கே உட்கார்ந்து எழுதியது, மழைத் தண்ணீரை எங்கே அனுப்பியது என்பதையெல்லாம் இந்த வீடுகளில் பார்க்கலாம். எனக்கு அது எந்த தர்பார் மண்டபத்தையும்விடப் பெரிதாகப்படுகிறது.

அப்படியானால் கோட்டை என்று ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, நல்ல கோட்டை. திருமயம். கானாடுகாத்தானிலிருந்து வடக்கே புதுக்கோட்டை சாலையில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். நெடுஞ்சாலையில் போகும்போதே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றும் அதைச் சுற்றிய மதிலும் கண்ணில் படும்.

கட்டியவர் கிழவன் சேதுபதி என்று எல்லோரும் சொல்லும் ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி, ஆண்டு 1687. பிற்பாடு தொண்டைமான்கள் கைக்கு வந்தது. 'ஊமையன் கோட்டை' என்று ஊரில் சொல்வார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே தங்கியிருந்தார் என்பது செவிவழிச் செய்தி. அவரே கட்டியது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், கோட்டை அவர் காலத்துக்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது.

முதலில் ஏழு சுற்று மதில்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று அத்தனையும் இல்லை. மிச்சம் இருப்பதிலேயே கோட்டையின் போக்கு நன்றாகப் புரியும்: வெளியே அகழி, அப்புறம் மதில், அப்புறம் பாறையின் வளைவையே சுவராக்கிக்கொண்டு மேலே மேலே போகும் சுற்றுகள். ஏறும் வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிறிய சிவலிங்க அறை செய்திருக்கிறார்கள். அதற்கு இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். இன்னும் மேலே பாறைச் சுனையில் தேங்கிய தண்ணீர், உச்சியில் ஒரு பீரங்கி மேடை, அதில் ஒரு பீரங்கி. அங்கே நின்றால் நாலு பக்கமும் கண்மாய்களும் பனைமரங்களும் சமவெளியுமாகத் தெரியும். இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதை அங்கே யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பலர் உச்சியைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். குன்றின் தெற்கு அடிவாரத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்று சத்தியகிரீசுவரர், மற்றது சத்தியமூர்த்திப் பெருமாள். கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் பழையவை. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. உள்ளே பாறையிலேயே செதுக்கிய பெரிய பள்ளிகொண்ட பெருமாள். மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள் தாக்க வர, ஆதிசேஷன் விஷ ஜ்வாலையைக் கக்கி அவர்களை விரட்டும் காட்சி பின்பாறை முழுக்க இருக்கிறது. ஜ்வாலை நாக்குகளும் ஓடுகிற அசுரர்களும் எங்கே என்று கேட்டால் பட்டர் தீபத்தைக் காட்டிச் சொல்வார். பெருமாளோ இத்தனை கலவரத்திலும் தூக்கம் கலையாமல் படுத்திருப்பார்.

இரண்டு கோயில்களுக்கும் நடுவே வருமானப் பங்கீட்டில் ஒரு காலத்தில் பெரிய தகராறு. 1245-ல் ஹொய்சளத் தளபதி ஒருவர் முன்னிலையில் அதைத் தீர்த்து, நிலத்தையும் வருமானத்தையும் பிரித்துக் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சுதந்திரப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் திருமயம்தான்.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் சிறியது. கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் முதலில் கோயில், பிறகு கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் காலமாக இருந்தால் வரிசையை மாற்றி, திறந்தவுடன் கோட்டை ஏறிவிடுங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கோட்டை ஏற முடியுமா?

உச்சி வரை கஷ்டம். படிகள் செங்குத்து இல்லை, ஆனால் சில இடங்களில் வெறும் பாறைச் சரிவில் நடக்க வேண்டும். கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது. முதல் சுற்று வரை வந்து நிழலில் உட்காரலாம். அதுவும் வேண்டாம் என்றால் அடிவாரக் கோயில்களில் அவர்களுக்கு நல்ல தரிசனம் கிடைக்கும். சாலையோரம் மதிலை ஒட்டிக் கோட்டை பைரவர் சன்னதியும் இருக்கிறது, அந்த வழியாகப் போகும் வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பெரிய வீடுகளிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். வாசல் நிலைகள் உயரமானவை, வீட்டின் ஒரு பகுதியான கட்டு ஒன்றிலிருந்து அடுத்த கட்டுக்குப் போக ஏறி இறங்க வேண்டும். வழுவழுப்பான தரையில் காலுறையோடு நடந்தால் வழுக்கும்.

எந்தெந்த வீடுகளுக்குள் போகலாம்?

நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தாலும் உள்ளே போகக் கூடியவை கை விரலில் எண்ணும் அளவுதான்.

ஆத்தங்குடியில் 'பெரிய வீடு', 'லட்சுமி ஹவுஸ்', 'ஆத்தங்குடி அரண்மனை' என்று பல பெயரில் சொல்லும் வீடு டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க விடுவது. ஒரே ஒரு வீடுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். சினிமாவில் நீங்கள் பார்த்த பல 'ஜமீன் வீடுகள்' இதுவாக இருக்கும். கானாடுகாத்தானிலும் ஓரிரு வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். அங்குள்ள அரண்மனையைப் பொதுவாக வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. இதுவும் தெருவில் நின்று பார்க்க வேண்டிய வீடுதான். பத்து நிமிடம் போதும்.

இன்னொரு நல்ல வழி, தங்கும் விடுதியாக மாறிய வீடுகள். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் போன்றவை. தங்க வசதிப்படாவிட்டாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் வீட்டை நிதானமாகப் பார்க்கலாம்.

உள்ளே போனால் என்ன பார்க்க வேண்டும்? எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறதே?

அமைப்பு ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் அடுத்த வீட்டின் வித்தியாசம் தானாகத் தெரியும்.

வெளியே நின்று முகப்பைப் பாருங்கள். சுதைச் சிற்பங்களில் நடுவே கஜலட்சுமி இருப்பாள். பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த சிப்பாய்களும் இருப்பார்கள். அப்புறம் திண்ணை. கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வரவு செலவு எழுதியதும் வெளி ஆட்களோடு பேச்சு நடந்ததும் இங்கேதான். தூண்கள் பர்மா தேக்கு, தரை இத்தாலியப் பளிங்கு, கண்ணாடி பெல்ஜியம், இரும்புத் தூண்கள் இங்கிலாந்து. கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்து சேர்ந்தவை.

வாசல் நிலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கதவின் மேல் சட்டத்தில் விரல் பருமனுக்குள் கிளியும் யாளியும் கொடியும் இழைத்திருப்பார்கள்.

நிலையைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். அறை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் அவனுக்கு ஓர் அறை. புதுத் தம்பதியைத் தனிக் குடித்தனமாக அதே வீட்டுக்குள் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். அவர்கள் தனி உலை வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். கோயில் கணக்கிலும் அவர்கள் ஒரு தனிப் 'புள்ளி'. மனைவி கொண்டுவந்த சீர் சாமான்களைப் பூட்டி வைக்கத்தான் முக்கியமாக அந்த அறை. படுக்கை, பேச்சு, குழந்தை வளர்ப்பு எல்லாம் தாழ்வாரத்தில். ஒரே கூரைக்கடியில் எட்டுக் குடும்பம் இருந்தும் சண்டை சச்சரவுக்கு ஓர் எல்லை இருந்தது என்றால், இந்த ஏற்பாட்டுக்கு அதில் பங்கு உண்டு.

வளவுச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். மே மாதத்திலும் குளுகுளுவென்று இருக்கும். சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, வழவழப்பாகும் வரை தேய்த்த சுவர். நூறு வருடமாக வெள்ளை அடிக்காமலே பளபளக்கிறது. விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. பெயர்ந்தால் அதே மாதிரி பூசத் தெரிந்த கொத்தனார்கள் மிகக் குறைவு.

முற்றத்தில் நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழைத் தண்ணீர் விழும். அண்டாவில் பிடித்ததுபோக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. கூரை, முற்றம், தெரு, ஊரணி எல்லாம் ஒரே கணக்கில் போட்டவை. மழை நாளில் வந்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாம் கட்டில் பந்தி, மூன்றாம் கட்டில் அடுப்படி, அப்புறம் கிணறும் ஆட்டுக்கல்லும். கொல்லை வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும், காற்றும் அதே கோட்டில் வரும்.

வீடுகள் தரையிலிருந்து உயரமான மேடை மேல் ஏன் இருக்கின்றன என்றால், தாங்கள் முன்பு வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பயத்தில் முன்னோர் அப்படிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

பணம் வந்த வழி அடைபட்டதுதான் முதல் காரணம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல், அடமானம் வைத்த நிலங்கள் செட்டியார்களிடம் வந்தன. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு அப்படி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அந்த ஊர் மக்களின் கோபமும் கூடவே வந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வீடுகளின் கதையைச் சொல்லக் கூடாது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள், பலர் கால்நடையாக. 1948-ல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்கள் தேசியமயமாகின. 1960-களில் கடைகளும் போயின.

இரண்டாவது காரணம் பங்கு. தாத்தா கட்டிய வீட்டில் இன்று ஐம்பது அறுபது பங்காளிகள் இருப்பார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கு ஒரு திசை. விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், பழுது பார்க்க எல்லோரும் பணம் போட வேண்டும். இரண்டுமே எளிதில் நடக்காது. ஆனால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்) என்று விசேஷம் வந்தால் அதே வீட்டைத் திறந்து, கழுவி, கோலம் போட்டு, நூறு பேருக்கு இலை போடுவார்கள். தெருவில் நீங்கள் பார்க்கும் பூட்டுக்குப் பின்னால் ஒரு சாமி வீடு இருக்கிறது, வருடா வருடம் அதற்கு விளக்கேற்ற யாரோ வருகிறார்கள்.

கதவு உடைந்து கிடக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாமா? வாட்ச்மேனிடம் காசு கொடுத்தால் திறப்பாராமே?

உடைந்த வீட்டுக்குள் போகவே கூடாது. ஒழுகும் கூரையின் கீழ் உத்திரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. மாடிப் பலகை காலோடு இறங்கிவிடும். பாம்பும் உண்டு. இடிந்து கிடந்தாலும் அது ஒருவருடைய வீடு என்பது வேறு.

வாட்ச்மேன் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: "வீட்டுக்காரங்க பார்க்க விடச் சொல்லியிருக்காங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் பார்த்துவிட்டு, அவர் கேட்பதற்குக் கொஞ்சம் மேலேயே கொடுங்கள். அந்த வீடு நிற்பதே அவர் தினமும் பெருக்கித் துடைப்பதால்தான். தயங்கினால் விட்டுவிடுங்கள். உங்கள் ஐந்து நிமிடத்துக்காக அவர் வேலை போகக் கூடாது.

போட்டோ எடுக்கலாமா?

டிக்கெட் வாங்கும் இடங்களில் பெரும்பாலும் செல்போனில் எடுக்கலாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். கல்யாண ஜோடிகளை வைத்து எடுப்பதென்றால் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். சாமி அறையை எடுக்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை எடுக்க ஆசை வரும், அதற்கு முன் "எடுத்துக்கட்டுமா ஆச்சி?" என்று கேளுங்கள். கேட்டால் பலரும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வீட்டைப் பற்றி நாலு விஷயமும் சொல்வார்கள். திருமயம் கோட்டையில் டிரோன் பறக்கவிடவோ முக்காலி வைத்துப் படம் எடுக்கவோ தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்காமல் போகாதீர்கள். ஆத்தங்குடியில் பட்டறைகள் நிறைய. வாசலில் நின்று கேட்டாலே உள்ளே கூப்பிடுவார்கள்.

வேலை செய்பவர் முன்னால் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கை தானாகப் போகும். எல்லாம் நிறைந்ததும் அச்சை மெதுவாகத் தூக்குவார். இரண்டு நிறம் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, மட்டம் தட்டி எடுத்து வைத்துவிடுவார். மறுநாள் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் நிழலில் உலர்த்தல். காய்ந்ததும் கண்ணாடி விலகும், அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளை கிடையாது, மெருகேற்றும் இயந்திரம் கிடையாது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும் என்பார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு.

இரண்டு நாளில் எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் காலை திருமயம், மதியம் கானாடுகாத்தானில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் அந்த ஊர்த் தெருக்களில் நடை. இரண்டாம் நாள் காலை பிள்ளையார்பட்டி, அங்கிருந்து ஆத்தங்குடி வீடும் பட்டறையும், சாயங்காலம் காரைக்குடி. நேரம் இருந்தால் குன்றக்குடி மலையையும் சேர்த்துக்கொள்ளலாம். நகரத்தாரின் குலக் கோயில்களான நகரக் கோயில்கள் ஒன்பதில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி எல்லாம் கல் வேலைக்காகவே பார்க்க வேண்டியவை. ஆனால் ஒன்பதையும் இந்த இரண்டு நாளில் திணிக்காதீர்கள். ஒரு நாளில் ஆறு வீடு பார்த்தேன் என்பவருக்கு ஒரு வீடும் நினைவில் நிற்பதில்லை.

ஊர்களுக்கு இடையே டவுன் பஸ் இருக்கிறது. காத்திருக்க நேரம் வேண்டும். நாள் வாடகைக்குக் கார் பேசிக்கொள்வது நல்லது. கானாடுகாத்தானுக்குள் மட்டும் காரை நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது சைக்கிள்.

எந்த மாதம் வரலாம்? எங்கே சாப்பிடலாம்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சுகம். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் கோட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது.

சாப்பாட்டுக்குக் காரைக்குடியில் பஞ்சமில்லை. எண்ணெயும் காரமும் மிதக்கும் குழம்புக்குச் செட்டிநாடு என்று பெயர் வைத்து எங்கெங்கோ விற்கிறார்கள். வீட்டுச் சமையல் அதைவிட மென்மையானது. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், மாலையில் பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இவற்றைத் தேடிச் சாப்பிடுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வேறு பழைய இடங்கள்?

வரலாறு வேண்டுமென்றால் சிவகங்கைப் பக்கம் போங்கள். 1772-ல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட காளையார்கோவில், 1780-ல் வேலு நாச்சியார் மீட்ட சீமையின் அரண்மனை, 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூரில் உள்ள நினைவிடம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

ஓவியமும் பாறையும் பிடிக்கும் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல். தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் ஆளும் மீனும் யானையும் உள்ள அந்த விதான ஓவியம் மங்கித்தான் இருக்கிறது; கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெளியும்.

காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் தூண், கதவு வாங்கலாமா?

முனீசுவரன் கோயில் தெருவில் அந்தக் கடைகள் இருக்கின்றன. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குவாளி, மரப்பெட்டி போன்றவை வீடு ஒழிக்கும்போது வருபவை, ஆசைப்பட்டால் வாங்குங்கள். வாசல் நிலை, தூண், உத்திரம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நிலை கடைக்கு வர வேண்டுமானால் ஒரு வீடு இடிய வேண்டும். மரத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதாலேயே நிற்கக்கூடிய வீடுகளைப் பிரித்து விற்றிருக்கிறார்கள். உங்களுக்குத் தேக்குத் தூண் வேண்டுமென்றால் இங்குள்ள ஆசாரியிடம் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கை வேலை இன்னும் இருக்கிறது.

எங்கள் ஐயா வீடும் அங்கே பூட்டித்தான் கிடக்கிறது. நாங்களும் பார்வையாளர்களுக்குத் திறக்கலாமா?

திறங்கள் என்றே சொல்வேன். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே இடம்பெற்றுவிட்டன, ஆனால் பட்டியல் கூரை மாற்றித் தராது. அதை வீட்டுக்காரர்கள்தான் செய்ய வேண்டும். முதலில் பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பின்னால் வரும் மனஸ்தாபம் அதில் பாதி குறையும். சாமி வீட்டையும் அறைகளையும் பூட்டிவிட்டு, முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் மட்டும் காட்டினால் போதும். விசேஷ நாட்களில் மூடிவிடலாம். ஊரிலேயே இருக்கும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, வீட்டின் கதையை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வரும் பணத்தில் முதல் செலவு கூரைக்கு: ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மாற்றி, முற்றத்து வாய்க்காலை அடைப்பெடுத்துவிடுங்கள். தண்ணீர் இறங்காத வரை சுவரும் மரமும் தாங்கும். சாயம் பூசுவதும் சரவிளக்கு மாட்டுவதும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.